வியாழக்கிழமை ஐந்தாவது பீரியடில் வீடியோ கேம்

கம்ப்யூட்டர் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை இழுத்து எடுக்கிறவர் என்று பொருள். நேரம் மிச்சமிருந்தால் பாடமும் நடத்தலாம். உத்திரமேரூருக்கு வெளியே, வயலுக்கு நடுவில் நிற்கிற ஒரு பள்ளியில் பதினான்கு வருடமாக இந்த உத்தியோகம் பார்க்கிறேன். மாற்றுச் சான்றிதழ் டைப்படிப்பது, ஆண்டு விழாவில் மைக் கத்தினால் ஓடிப்போய் நிற்பது, ஆசிரியர் அறையில் யார் போனிலாவது படம் காணாமல் போனால் தேடிக் கொடுப்பது எல்லாம் என் பாடத்திட்டத்தில் வரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட எனக்குப் போன வருடம் புதிதாக ஒரு பாடம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புக்கு விருப்பப் பாடமாக, அணி கட்டிப் போட்டி போடும் வீடியோ கேம். சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன். கொஞ்ச நாளில் சிரிப்பு போய்ப் பிடிவாதம் வந்துவிட்டது.

பேனரில் முளைத்த பாடம்

எங்கள் தாளாளருக்கு அரிசி ஆலையும் ஏகப்பட்ட நிலமும் உண்டு. நல்ல மனிதர். ஒரே குறை, பக்கத்துப் பள்ளியில் எதையாவது ஆரம்பித்தால் இவருக்குத் தூக்கம் வராது. வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு பள்ளி ஸ்கேட்டிங் சொல்லித் தருவதாகப் பேனர் வைத்தது. மறுவாரம் காஞ்சிபுரம் சாலையில் எங்கள் பேனர். ஹெட்போன் மாட்டிய ஒரு வெளிநாட்டுப் பையன் படம், பக்கத்தில் ‘இனி வீடியோ கேமும் பாடம்’ என்று மஞ்சள் எழுத்து. நான் அதைப் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன். யார் நடத்தப் போகிறார்கள் என்று சண்டை பிடிக்கப் போனால், நீங்கள்தான் என்றார்.

இரண்டு வாரம் அவகாசம் கேட்டு, வீட்டில் உட்கார்ந்து நானே ஆடிப் பார்த்தேன். ஐந்து பேர் ஐந்து பேராக மோதி, எதிராளியின் கோட்டையைப் பிடிக்கிற ஆட்டம். துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது. ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் தோற்றேன். ஆனால் ஒன்று புரிந்தது. ஐந்து பேரும் பேசி, வேலையைப் பிரித்து, அரைமணி நேரத்துக்குள் ஒரு முடிவுக்கு வராவிட்டால் இதில் பிழைக்க முடியாது. எங்கள் பள்ளியில் குழுச் செயல்பாடு என்றால் ஒருத்தி எழுதுவாள், நாலு பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். பதினான்கு வருடமாக அதற்கு நானும் மார்க் போட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. செய்துதான் பார்ப்போமே என்று தோன்றியது.

போன் கூடாது, லேபில் மட்டும்தான், வாரத்தில் வியாழன் ஐந்தாவது பீரியட் மட்டும்தான், பெண்களும் ஆண்களும் கலந்த அணிதான் என்று நிபந்தனைகளோடு திரும்பிப் போனேன். தாளாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் நிபந்தனையைச் சொன்னார்.

“ஒரு வருசம் நடத்துங்க டீச்சர். மார்ச்சில பெத்தவங்க கூட்டத்துல கேப்பேன். ஒரே ஒருத்தரு எழுந்து வாணான்னாலும் எடுத்துடுவேன். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

கையெழுத்து வாங்கிய விதம்

பாடத்தில் சேர பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று படிவம் அனுப்பினோம். அநேகமாக எல்லாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். படித்த ஒரே மனிதர் நேரில் வந்தார். திருமுக்கூடலில் நெல்லும் கரும்பும் வைக்கிறவர், ஒன்பதாம் வகுப்பு மணிகண்டனின் அப்பா. நடவிலிருந்து நேராக வந்தவர், வாசல் குழாயில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

வீட்டில் பையன் போனும் கையுமாக இருக்கிறான் என்று போனை உரச் சாக்குக்குள் ஒளித்து வைப்பாராம். அதிலும் கண்டுபிடித்துவிடுகிறானாம். ரோட்டில் கிரிக்கெட் ஆடுவதும் மைதானத்தில் அம்பயர் வைத்து ஆடுவதும் ஒன்றா என்று கேட்டேன். நேரக் கட்டுப்பாடு, தனியாக ஆட முடியாது என்பது, ஆடி முடித்ததும் உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்பது எல்லாவற்றையும் அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இன்னொரு முறை படிவத்தைப் படித்தார். கையெழுத்துப் போட்டார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“இன்னா டீச்சர் இது, வூட்ல ஆடுனா நான் அடிக்கிறேன், இங்க ஆடுனா நீங்க மார்க்கு போடுவீங்க. இனிமே நான் அடிக்கணுமா வாணாமா, அத மட்டும் அந்தப் பேப்பர்லயே எழுதிக் குடுத்துடுங்க.”

முதல் ரேங்க் கேப்டன்

எங்கள் பள்ளியில் எதற்குத் தலைவர் வேண்டுமானாலும் முதல் ரேங்க் வாங்கியவரைப் போடுவது வழக்கம். வகுப்புத் தலைவர், தோட்டக் கமிட்டித் தலைவர், நாட்டிய நாடகத்தில் ராஜா எல்லாம் ஒரே ஆள். பழக்க தோஷத்தில் நானும் அதையே செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் முதல் ரேங்க் தாரணி. அவள் அப்பா வரதன் சார் எங்கள் பள்ளியிலேயே கணக்கு ஆசிரியர், கூரத்துக்காரர், கண்டிப்பானவர். இந்தப் பாடம் வேண்டாம் என்று அவர் சொல்லியும், மகள் அழுது அடம்பிடித்துச் சேர்ந்திருந்தாள். சேர்ந்த இருபது பேரில் முதல் அணிக்கு நான் அவளைக் கேப்டனாக்கினேன்.

இன்டர்நெட்டில் வேறு அணிகளோடு மோதி வரிசையாகப் பதினொரு ஆட்டம் தோற்றோம். பத்தில் ஒன்பது கம்ப்யூட்டர்தான் வேலை செய்கிறது, இரண்டு அணியாகப் பிரிந்து பழக முடியவில்லை, அதனால் தோற்கிறோம் என்று முதலில் நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. எதிராளி வாசலில் வந்து நிற்கிறான்; மணிகண்டன் மவுஸை விட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறான். போகலாமா என்று தாரணியிடம் அனுமதி கேட்கிறான். தாரணி திரும்பி என்னைப் பார்க்கிறாள். நான் தலையாட்டினால் அவள் அவனுக்குத் தலையாட்டுகிறாள். ஒன்பது வருடமாக நாங்கள் சொல்லிக் கொடுத்த ஒழுக்கம் அப்படியே திரையில் தோற்றுக்கொண்டிருந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட மெதுவாகத்தான் பதில் சொல்கிற நஸ்ரின் அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மறுவாரம் அவளையே கேப்டனாகப் போடவைத்தது அவள் சொன்ன வார்த்தைதான்.

“மிஸ், தாரணி உங்களக் கேட்டு சரின்னு சொல்றதுக்குள்ள அவங்க உள்ள வந்து நாஷ்டா சாப்ட்டுட்டே போயிடறாங்க.”

எழுந்திருக்காத பெண்

நஸ்ரின் கேப்டனான பிறகு ஜெயிக்க ஆரம்பித்தோம். செங்கல்பட்டுப் பள்ளி ஒன்றோடு இன்டர்நெட் வழியாக நட்பு ஆட்டம் வைத்தேன். எங்கள் கை ஓங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து, சேர்க்கைக்கு வந்த நாலு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு தாளாளர் லேபுக்குள் நுழைந்தார். பின்னாலேயே வரதன் சார்.

பெரியவர்கள் வந்தால் எங்கள் பிள்ளைகள் எழுந்து நின்று, கையைக் கூப்பி, எந்த நேரமானாலும் ராகம் போட்டு குட் மார்னிங் சொல்வார்கள். உட்காரச் சொல்லும் வரை உட்கார மாட்டார்கள். அன்றும் எழுந்தார்கள். தாளாளர் பெருமையில் விருந்தாளிகளுக்கு லேபை விளக்கிக்கொண்டே போனார், உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். திரையில் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூப்பிய கையோடு நிற்பதுபோல அசையாமல் நிற்கிறார்கள். செங்கல்பட்டுக்காரர்கள் வரிசையாக வந்து தட்டிவிட்டுப் போகிறார்கள். உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது நஸ்ரின் ஒருத்திதான்.

மரியாதை போய்விட்டது என்று வரதன் சார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். விருந்தாளிகள் எதிரில் தாளாளரின் முகம் சிவந்தது. ஆட்டத்தை ஜெயித்து முடித்ததும் நஸ்ரின் எழுந்து, ஒருத்தியாகவே முழு ராகத்தோடு குட் மார்னிங் சொன்னாள். ஏன் முதலிலேயே எழுந்திருக்கவில்லை என்று தாளாளர் கேட்டார்.

“நானும் எழுந்து நின்னிருந்தா கோட்டை போயிருக்கும் சார். அதான் ஜெயிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன்.”

ஐம்பது மதிப்பெண்

அதற்குப் பிறகு தாளாளர் லேபுக்கு வந்தால் கதவிலேயே நின்று கையமர்த்திவிட்டுத்தான் உள்ளே வருவார். வரதன் சார் அப்படி விடுகிறவர் இல்லை. பள்ளியில் தேர்வுப் பொறுப்பும் அவருடையது. முதல் ரேங்க் பெண்ணை ஏன் கேப்டன் பதவியிலிருந்து எடுத்தேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்க் இல்லாத பாடத்தை மார்க் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் கேட்டார். அரையாண்டுக்கு எழுத்துத் தேர்வு வைத்தாக வேண்டும் என்றார். வைக்காவிட்டால் இதைப் பாடமென்று யாரும் மதிக்க மாட்டார்கள் என்று பயந்து நானும் ஒப்புக்கொண்டேன். அந்த வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஒரு மார்க் கேள்வி, பொருத்துக, கோடிட்ட இடம், ‘கோட்டையைக் காக்கும் முறைகளை விவரி’ என்று ஐந்து மார்க் கேள்வி. தேர்வுக்கு முன் பிள்ளைகள் நோட்ஸ் கேட்டார்கள், கொடுத்தேன். மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஆடி ஆடி மனப்பாடம் செய்தார்கள். தாரணி முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை எல்லாம் போட்டு, அடிக்கோடிட்டு நாற்பத்தெட்டு வாங்கினாள். எங்களுக்கு ஆட்டம் ஆட்டமாக ஜெயித்துக் கொடுத்த நஸ்ரினுக்குப் பத்தொன்பது. ‘வீரர் எப்போது காவலை விட்டு விலகலாம்?’ என்ற கேள்விக்கு மணிகண்டன் ‘பெல் அடித்ததும்’ என்று எழுதியிருந்தான். யோசித்துப் பார்த்து அரை மார்க் போட்டேன்.

விடைத்தாள் கட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. குழந்தைகள் தானாக யோசிக்கிற ஒரே பீரியடையும் நானே டிக்டேஷன் ஆக்கிவிட்டேன். வரதன் சார் கட்டைப் புரட்டினார். வருடத்திலேயே முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்பதான் டீச்சர் இது ஒரு பாடம் மாதிரி கீது.”

பாத்திரக் கடையில் ஒரு சந்தேகம்

அன்றோடு எழுத்துத் தேர்வைத் தூக்கிப் போட்டேன். மார்க்குக்கு வேறு வழி வைத்தேன். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி நோட்டில் ஆளுக்கொரு படம் போட வேண்டும். கோட்டையை வரைந்து, தான் செய்த தப்பு எந்த இடத்தில் என்று குறிக்க வேண்டும். அடுத்தவர் பெயர் அதில் வரக் கூடாது. ‘அவன் வரவில்லை’ என்று எழுதினால் மார்க் கிடையாது. ‘நான் கூப்பிடவில்லை’ என்று எழுதினால் உண்டு. இந்த நோட்டுக்குப் பிள்ளைகளே தோல்வி நோட்டு என்று பெயர் வைத்தார்கள். இந்த மார்க் பட்டியலில் வரதன் சார் கையெழுத்துப் போட மறுத்தார். நானே போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரியில் காஞ்சிபுரத்தில் பள்ளிகளுக்கு இடையே போட்டி வந்தது. நஸ்ரினை அனுப்ப அவள் அப்பாவின் சம்மதம் வேண்டும். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய் அவர். மார்ச் கூட்டத்தில் ஆட்சேபம் வருவதானால் இவரிடமிருந்து வரலாம் என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. கல்யாண சீசன், கடை நிறையக் கூட்டம். ஓரமாக நின்று, போட்டியைப் பற்றியும் நானே கூடப் போய்வருவதைப் பற்றியும் சொன்னேன். அண்டாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ‘பேஜார் டீச்சர்’ என்று சலித்துக்கொண்டு ஆரம்பித்தார். பிறகுதான் குறை என்னவென்று சொன்னார்.

“ஞாயித்துக்கெழமை பொண்ணு கடைக்கு வந்தா ‘நீ அங்க நில்லு, நீ இத எடு’ன்னு எங்க எல்லாரையும் மேய்க்குது. வேல சீக்கிரம் முடியுது, கூட்டினு போயிட்டு வாங்க. ஆனா கடைக்கு ஓனரு யாருன்னு வர்றவங்களுக்கு சந்தேகம் வந்துடுச்சி.”

திரும்பி வந்த வேன்

காஞ்சிபுரத்தில் இரண்டு சுற்று ஜெயித்தோம். மூன்றாவது சுற்றில் வடக்கு வாசல் தாரணியின் காவல். நஸ்ரின் இரண்டு முறை நில் என்று சொல்லியும், எதிராளி ஒருவன் தனியாக ஓடுவதைப் பார்த்து அவன் பின்னால் போய்விட்டாள். அது அவர்கள் போட்ட தூண்டில். காலியான வாசல் வழியாக மற்ற நாலு பேரும் உள்ளே வந்தார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஹால் முழுக்கக் கைதட்டல், எங்களுக்கு இல்லை.

மணிகண்டனைத் திருமுக்கூடலில் இறக்கிவிட வேண்டியிருந்ததால் பழையசீவரம் வழியாகத் திரும்பினோம். வேனில் யாரும் தாரணியைத் திட்டவில்லை. என் மனதில் ஓடியது அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை. தன் மகள் நாலு பள்ளிக்கு முன்னால் தோற்றாள் என்று தெரிந்தால், மார்ச் கூட்டத்தில் வரதன் சார் எழுந்திருப்பது உறுதி. அவரும் ஒரு பெற்றோர்தானே. ஒருத்தர் எழுந்தால் போதும். பாலாற்றுப் பாலத்தில் வேன் குலுங்கியபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். தாரணி தோல்வி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, குலுக்கலில் கோடு கோணிப்போனதை அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ். நானே சொல்லிக்கறேன்.”

மார்ச் கூட்டம்

பெற்றோர் கூட்டத்தன்று இருபது தோல்வி நோட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கண் கெடும் என்பவருக்கு ஒரு பதில், படிப்புக் கெடும் என்பவருக்கு ஒரு பதில், விளையாட்டு எப்படிப் பாடமாகும் என்பவருக்கு மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். தாளாளர் எழுந்து, சொன்னது சொன்னபடி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். மணிகண்டனின் அப்பா காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். பாய் மின்விசிறியைப் பார்த்தார்.

வரதன் சார் எழுந்தார். ஆசிரியர் வரிசையிலிருந்து இல்லை. பெற்றோர் நாற்காலிகளில், கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். அந்த நொடியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவர் வேண்டாம் என்றாலும் நான் உட்காரப் போவதில்லை. ஒவ்வொரு நோட்டாக எடுத்து இந்த ஹாலில் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். முடியாது என்று தாளாளர் சொன்னால் ஜூனில் மறுபடியும் அவர் வாசலில் போய் நிற்பேன், அவர் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தாலும் சரி. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வகுப்பில் பின்பெஞ்சு வரை கேட்கும் குரல் அவருக்கு. அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வாணான்னு சொல்லணும்னுதான் சார் இந்த வருசம் பூரா இருந்தேன். நான் கணக்கு வாத்தியாரு, எம் பொண்ணு கணக்குல மார்க் கொறைஞ்சா பேப்பர எங்கிட்ட காட்டாம ஒளிச்சி வெக்கிறா. காஞ்சிபுரத்துல தோத்துட்டு வந்த அன்னிக்கி, எங்க தப்பு பண்ணேன்னு நோட்டத் தொறந்து எனக்குப் படம் போட்டு காட்டுனா. இத எடுத்துடாதீங்க.”

ஒரு புதுப் பாடம் பள்ளிக்கூடத்தில் நிலைத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம் தோழர்களே, போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு சார் வந்து உங்கள் பீரியடைக் கேட்டால் நிலைத்துவிட்டது என்று பொருள். போன வியாழக்கிழமை வரதன் சார் வந்து கேட்டார், நான் கொடுக்கவில்லை.